ராமேஸ்வரத்தில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் என் வேனில் வந்தது. ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் ஏறினார்கள். உச்சிப்புளி தாண்டுவதற்குள் அந்த வீட்டுப் பெரியவர் கேட்டுவிட்டார்: "தம்பி, வஞ்சிரம் நல்லா எங்க கிடைக்கும்?" பாம்பன் பாலம் ஏறும்போது பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்தார்கள். அவர் மறுபடியும் வஞ்சிரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பதினாறு வருஷமாக இந்தப் பாதையில் வேன் ஓட்டுகிறேன். சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். கண்மாய்க் கெளுத்தியும் விராலும் தின்று வளர்ந்தவன், கடல் மீனைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் இந்தக் கரைக்கு வந்தேன். அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு குடும்பமாவது அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை.

தண்ணீர் பாட்டில் வாங்குங்கள், ஈ மொய்க்கும் கடையில் உட்காராதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுகிறேன்.

மீன் பெயரை முடிவு செய்துகொண்டு வருவது

மற்ற தவறுகளில் நூறு இருநூறு ரூபாய் போகும். இதில் நீங்கள் வந்த காரியமே போய்விடும்.

எனக்குக் கல்யாணமான முதல் வருஷம், மே மாதம். மாமனார் வீட்டு ஆட்கள் ஏழு பேரை ராமேஸ்வரம் கூட்டி வந்தேன். தரிசனம் முடிந்து மதியம் ஒரு கடையில் உட்கார்ந்தோம். "வஞ்சிரம் இருக்கா?" என்றேன். "இருக்கு, எத்தனை துண்டு?" என்று உடனே பதில் வந்தது. ஆளுக்கு இரண்டு துண்டு சொன்னேன். வந்த துண்டு பெரிதாக, அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் நார் நாராகப் பிரிந்தது. மசாலா உறைப்பு மட்டும் நாக்கில் நின்றது, மீன் ருசி என்று ஒன்றும் இல்லை. மாமனார் ஒரு வார்த்தை பேசாமல் முதல் துண்டைத் தின்றார், இரண்டாவதைத் தொடவில்லை. என் இரண்டு நாள் சம்பாத்தியம் அந்த இலைகளில் கிடந்தது.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அடுப்படிக்கு வெளியே சமையல்கார அக்காவும் பாத்திரம் கழுவும் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அலுமினியத் தட்டில் சோறு, மேலே சிவப்பாகக் குழம்பு, அதில் விரல் தடிமனில் நீளநீளமாக மீன். அக்கா ஒரு துண்டின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவி ஓரமாக வைத்தார். முள் பச்சை நிறத்தில் இருந்தது. முதல் தடவை பார்க்கிறவன், கெட்டுப்போன மீன் என்றே நினைத்தேன்.

"முரலு. காலைல நாட்டுப்படகுல வந்துச்சு. இதுக்கு முள்ளே இந்த நிறந்தான்" என்றார்.

"இதை எங்களுக்கு ஏன்க்கா போடலை?"

"நீங்க வஞ்சிரம்தானே கேட்டீக?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கேட்டதைக் கொடுத்தார்கள். கேட்கத் தெரியாதது என் குறை. ஆனாலும் அந்தத் தட்டு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கடலோரத்தில் உட்கார்ந்து, அந்தக் கடலுக்குச் சம்பந்தமே இல்லாத மீனைக் காசு கொடுத்துத் தின்றிருக்கிறோம்.

காரணம் என்னவென்றால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று அரசு வைத்திருக்கும் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான், கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வருவதும் அப்போதுதான். அந்த நாட்களில் வஞ்சிரம் கேட்டால், கேரளக் கரையிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ ஐஸ் பெட்டியில் பயணம் செய்த மீன்தான் பெரும்பாலும் தட்டுக்கு வரும்.

தடை இல்லாத மாதங்களிலும் ஒரு கணக்கு உண்டு. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையது. அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் துறையில் இருக்கும் மீனும், மற்ற நாளில் இருக்கும் மீனும் ஒன்றாக இருக்காது. காற்று வேறு இருக்கிறது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தீவுக்கு வடக்கே இருக்கும் வடகடல் கொந்தளிக்கும், சோளகம் என்கிற தெற்குப் பக்கக் காற்று அடித்தால் தென்கடல் நிற்க விடாது. இதற்கு நடுவே, எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனால் துறை முழுவதும் வேலைநிறுத்தம். வீட்டு ஆண் எப்போது திரும்புவான் என்று ஊரே காத்திருக்கும்போது, "ஏன் வஞ்சிரம் இல்லை?" என்று கடையில் சத்தம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது வரும் கோபத்தை அடக்குவது கஷ்டம்.

பெயரிலும் ஒரு சிக்கல். சென்னையில் சீலா என்றால் ஊளி மீனைக் காட்டுவார்கள். நம் தென்பக்கத்தில் சீலா என்றால் வஞ்சிரமேதான். பலகையில் "சீலா" என்று எழுதியிருக்கும் கடையில் உட்கார்ந்து, வஞ்சிரம் இல்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு.

சரி, என்னதான் கேட்பது? "இன்னிக்கு என்ன மீன் வந்திருக்கு?" அவ்வளவுதான். கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். நிஜமாகவே காலையில் மீன் வாங்கியவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: விளைமீன் கெடக்கு, பாறை குட்டியா இருக்கு, நகரை வந்துச்சு என்று. எதைக் கேட்டாலும் "எல்லாம் இருக்கு" என்கிற கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

விளைமீன் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், குழம்புக்கும் ஆகும், பொரிக்கவும் ஆகும். சூடையும் முரலும் குழம்பில்தான் அருமை. காரல் மீனில் முள் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் அதன் சாறு இறங்கிய குழம்பை, பிள்ளை பெற்ற பெண்களுக்கு இங்கே தேடிப் பிடித்து வைத்துக் கொடுப்பார்கள். இந்த மீன்கள் எல்லாம் வஞ்சிரத்தைவிட விலை குறைவுதான்.

திருப்பூர்ப் பெரியவருக்கு இதைச் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை, கமிஷனுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார் போல. அன்றைக்கு வியாழக்கிழமை. பாம்பனில் காலையில் வந்த விளைமீனை எனக்குத் தெரிந்த வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் குழம்பு வைக்கச் சொன்னேன். மூன்றாவது முறை சோறு கேட்டார். அதற்கப்புறம் வஞ்சிரம் என்ற பேச்சே எழவில்லை.

மசாலாவுக்குள் ஒளிந்திருக்கும் மீன்

தனுஷ்கோடிக் கீற்றுக் கொட்டகைகளில் தட்டு நிறைய மீனைச் சிவப்பாக மசாலா பூசி அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்கவே பசிக்கும். ஆனால் மீனைச் சோதிக்க நமக்கு இருப்பது கண், செவுள், வயிற்றுச் சதை மூன்றும்தான். தலையை வெட்டி மசாலா அப்பிய பிறகு மூன்றுமே தெரியாது. அந்தத் தட்டு எத்தனை மணிக்கு வெயிலில் வந்தது என்பதும் தெரியாது. "பூசாத மீன் இருந்தா காட்டுங்க, அதுல பூசிப் போடுங்க" என்று கேளுங்கள். கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார், ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டுவார்.

சூரை, கானாங்கெளுத்தி இரண்டிலும் இன்னும் கவனம் வேண்டும். இவை சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அது எண்ணெயில் பொரித்தாலும் அழியாது, குழம்பில் கொதித்தாலும் அழியாது. ஒருமுறை கல்லூரிப் பையன்களை தனுஷ்கோடி தாண்டி இருக்கும் அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போனேன். திரும்பும் வழியில் ஒரு பையனுக்கு முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது, உடம்பெல்லாம் அரிப்பு, தலை வெடிக்கிறது என்றான். வெயில் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மீன் சாப்பிட்டாய்?" சூரைத் துண்டு என்றான். ஊசி போட்டுச் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. தின்னும்போது நாக்கில் சுருக்கென்று குத்துவது போல, மிளகு போலக் காரமாக உறைத்தால், அதை அங்கேயே துப்பிவிடுங்கள். கொடுத்த காசுக்காக விழுங்க வேண்டாம்.

விலையை இலை போட்ட பிறகு பேசுவது

முழு மீன் வாங்கினால் மூன்று கேள்வி: எடை கழுவும் முன்பா, கழுவிய பின்பா? சமையல் கூலி சேர்ந்ததா, தனியா? எண்ணெய், மசாலாவுக்குத் தனியாகப் போடுவீர்களா? தலை, குடல், செதில் போனால் ஒரு கிலோ மீன் எழுநூறு கிராமுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மீனைப் பொறுத்து இன்னும் குறையும். சண்டை போடும் கேள்விகள் இல்லை இவை. முன்னாலேயே கேட்டால் இரண்டு பக்கமும் மரியாதையோடு முடியும்.

கையில் தூக்கிப் பார்க்காமல் நண்டு வாங்குவது

ஓடு பெரிதாக இருக்கிறதே என்று எடுப்பார்கள். நண்டு ஓட்டை உரித்துவிட்டுப் புது ஓடு போட்ட சமயத்தில் உடம்பு பெரிதாகத்தான் தெரியும். உள்ளே பாதி தண்ணீர். ஒரே அளவில் இரண்டை எடுத்து இரண்டு கையிலும் தூக்குங்கள், கனமானதை வாங்குங்கள். அடிவயிற்று ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. பௌர்ணமியில் பிடித்த நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நண்டு என்று இங்கே சொல்வார்கள். நான் வாங்கிய வரைக்கும் அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. வயிற்றில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் பெண் நண்டை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அது கடலில் இருக்க வேண்டியது.

கோயிலுக்கு முன் மீன்

வேண்டாம். 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, அப்புறம் சாப்பிடுங்கள். கோயிலைச் சுற்றி பெரும்பாலும் சைவக் கடைகள்தான்.

"ஸ்பெஷல் ஐட்டம் இருக்கு சார்"

கடலட்டை, ஆமை, கடல்பசு எதுவாக இருந்தாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எழுந்து வந்துவிடுங்கள்.

கீழக்கரையைப் பார்க்காமல் ஊர் திரும்புவது

எல்லோரும் தீவுக்குள்ளேயே சுற்றிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் கீழக்கரை இருக்கிறது. பழைய துறைமுக ஊர், கடல் வாணிபம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் ஊர். அந்தக் கப்பல் வழியாக வந்து தங்கிய பண்டம்தான் தொதல். இந்தோனேசியா, மலேசியா, இலங்கையில் தொடொல் என்று செய்யும் அதே இனிப்பு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை அல்லது கருப்பட்டி போட்டு, கை ஓயும்வரை மணிக்கணக்கில் கிண்டுவார்கள். தேங்காய்ப்பால் வற்றி, எண்ணெய் பிரிந்து, உருண்டு சட்டியில் ஒட்டாமல் வரும்போது இறக்குவார்கள். ஒரு துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள்: குழி விழுந்து மெல்ல மேலே வர வேண்டும், விரலில் எண்ணெய் மினுக்க வேண்டும். வாங்கியதை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கல் மாதிரி இருக்கிறது என்று எனக்கு போன் செய்தவர்கள் உண்டு. வெளியே வைத்தாலே சில நாள் தாங்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஜும்மா நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும். ரமலான் மாதம் என்றால் சாயங்காலம் போங்கள், நோன்புக் கஞ்சி குடிக்கலாம்.

குழம்பில் காரத்தைக் குறைக்கச் சொல்வது

இங்கே அரைப்பது நம் முண்டு மிளகாய். குண்டாக, தோல் தடிப்பாக இருக்கும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. குழம்பின் நிறமும் வாசமும் அதில்தான் இருக்கிறது. அதைக் குறைத்தால் புளித்தண்ணீர்தான் மிஞ்சும். காரம் ஆகாதவர்கள் குழம்பைத் தொடாமல், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுப் பொரித்த மீனையும் ரசத்தையும் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள்.

மதியம் பதநீர்

காலையில் மரத்திலிருந்து இறக்கியதுதான் பதநீர். பதினொரு மணிக்கு மேல் சாலையோரம் விற்பதில் புளிப்பு ஏறியிருக்கும். அந்த நேரத்துக்கு நுங்கு வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணெதிரே சீவித் தருவார்கள்.