விமானத்தை அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரைப்படைக்கு அருகில் குண்டு போட வரும் விமானத்தை வழிநடத்த நான் பயிற்சி தருகிறேன். ஆட்கள் புதிதாக வந்தாலும் தவறுகள் பழையவைதான். வயர்லெஸ்ஸில் தடுமாறுவது, அலைவரிசையை மாற்றி வைப்பது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையில் தெரியும் எண்ணை அப்படியே வாசிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. 2001 டிசம்பர் 5, காந்தஹாருக்கு வடக்கே அமெரிக்கச் சிறப்புப் படையினர் பின்னாளில் ஆப்கானிஸ்தான் அதிபரான ஹமீத் கர்சாயின் ஆட்களோடு இருந்தார்கள். வழிநடத்துபவர் தாலிபான் இலக்கு இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்ணை ஜிபிஎஸ் கருவியில் கணக்கிட்டிருந்தார். அந்த நேரம் பேட்டரி தீர்ந்தது. புதியதைப் போட்டதும் கருவி இலக்கைக் காட்டாமல், தான் இருக்கும் இடத்தைக் காட்டியது. அதன் அமைப்பே அப்படித்தான். அந்த எண்தான் பி-52 விமானத்துக்குப் போனது. 2,000 பவுண்டு குண்டு சொன்ன இடத்திலேயே விழுந்தது. 3 அமெரிக்க வீரர்களும் உடனிருந்த ஆப்கானியர்களும் இறந்தார்கள். கர்சாய்க்கும் காயம்.

"விமானி திருப்பிச் சொல்வாரே, அதில் தெரிந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். தெரியாது. காதில் விழுந்தது சரியா என்பதை மட்டும்தான் அது காட்டும். எண்ணே தவறென்றால் இருவரும் அதே தவறை ஒழுங்காகச் சொல்லி முடிப்பார்கள்.

அண்மையில் ஒரு மாணவர் பேட்டரி மாற்றிய கையோடு எண்ணை வாசித்தார். வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். "நேரமில்லை சார்" என்றார். குறித்த புள்ளி அவர் உட்கார்ந்திருந்த மேட்டின் மேலேயே வந்தது. அப்புறம் அவர் பேசவில்லை.

உங்கள் இடத்தின் எண்ணை முதலிலேயே தாளில் எழுதி வையுங்கள். இலக்கின் எண் அதோடு ஒத்துப்போனால் வாயைத் திறக்காதீர்கள். கருவி அணைந்து மீண்டும் இயங்கினால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

"பக்கத்தில்தான் இருக்கிறோம்" என்பது

இலக்கிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை?

விமானம் எப்போதும் வரும் என்று நம்புவது

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லையிலுள்ள லோங்கேவாலாவுக்கு இந்திய விமானப்படையின் ஹண்டர் விமானங்கள் விடிந்த பிறகுதான் வர முடிந்தது. இரவில் தாக்கும் வசதி அவற்றில் இல்லை. அதுவரை மேஜர் குல்தீப் சிங் சாந்த்பூரியின் சிறு படைப்பிரிவு தனியாகத் தாக்குப்பிடித்தது.

நம் அடையாள விளக்கு மேலே தெரியும் என்று நினைப்பது

2014 ஜூன் 9, ஆப்கானிஸ்தானின் ஸாபுல் மாகாணம். வீரர்களிடம் அகச்சிவப்பு விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. பி-1 விமானத்தின் இலக்குக் கேமராவால் அந்த ஒளியைக் காண முடியாது. விளக்கு தெரியாத இடத்தில் எதிரி இருப்பதாக எண்ணிக் குண்டு போட்டார்கள். 5 அமெரிக்கரும் ஓர் ஆப்கானியரும் இறந்தார்கள். வருவது எந்த விமானம், அதற்கு எந்த ஒளி தெரியும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.