பழைய ஹோர்ன் ஸ்பீக்கருக்கு மூலை தேடுங்கள்

எங்கள் ஊரில் ஹோர்ன் என்றால் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய்தான் நினைவுக்கு வரும். வீட்டில் பாட்டுக் கேட்கிற ஹோர்ன் வேறு ரகம்.

1946இல் வந்த கிளிப்ஷ்ஹோர்ன் என்ற ஹோர்ன் ஸ்பீக்கர் வகையின் பழைய சோடி கிடைத்தால், முதலில் அறையின் மூலைகளைப் பாருங்கள். அதன் பேஸ் (கீழ்தொனி) ஹோர்னின் கடைசிப் பகுதியே அந்த இரண்டு சுவர்கள்தான். மூலையை ஒட்டிக் கதவோ ஜன்னலோ இருந்தாலும், பெட்டி சுவரோடு ஒட்டாமல் நின்றாலும் பேஸ் மெலிந்துவிடும். விறாந்தையில் வைக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

மற்றப் பெரிய ஹோர்ன்களுக்கு மூலை கட்டாயமில்லை, தூரம்தான் வேண்டும். கதிரையை மூன்று மீற்றராவது தள்ளிப் போட்டால்தான் மேல்தொனியும் கீழ்தொனியும் ஒன்றாகக் கலக்கும். இரண்டு ஸ்பீக்கரையும் உள்நோக்கித் திருப்பி, சத்தம் உங்கள் முகத்துக்குச் சற்று முன்னால் சந்திக்கிற மாதிரி வையுங்கள்.

வழுவழுப்பான சீமெந்துத் தரைதான் பெரிய தொல்லை. கை தட்டிப் பாருங்கள், கணகணக்கும். நடுவில் தடித்த கம்பளம் விரியுங்கள், பாய் போதாது.

அம்ப்ளிஃபயருக்குக் காசைக் கொட்ட வேண்டாம், ஐந்து வாட்டே வீட்டுக்குத் தாராளம். அப்புறம் கடற்காற்று: வயர் பூட்டும் இடத்தில் பச்சை பிடித்திருக்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள்.