பழைய கேம் பெட்டிக்குப் புது அட்டை: அளவு பிசகாமல் அச்சடிப்பதும் உள்ளே இடம் செய்வதும்

பழைய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம்களில் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அட்டைதான் கிழிந்திருக்கும், அல்லது மஞ்சளும் சிவப்பும் வெயிலில் வெளிறி நீலம் பாரித்துக் கிடக்கும். ரிவி கேம் கசெட்டுகளும் கேம்போய் கசெட்டுகளும் இன்னும் பாவம். கடதாசிப் பெட்டி எப்போதோ காணாமல் போய், ஷொப்பிங் பையில் உருண்டுகொண்டிருக்கும். இரண்டுக்கும் திருகோணமலையில் கிடைக்கும் பொருட்களே போதும். படம் அழகாக இல்லாததால் கெட்ட அட்டையை விட, அளவு 3 மில்லிமீற்றர் பிசகியதால் கெட்ட அட்டைதான் அதிகம். அதனால் அடிமட்டத்தில் தொடங்குவோம்.

சாதாரண டிவிடி பெட்டியும் பிஎஸ்2 பெட்டியும் ஒரே அளவு அட்டையைத்தான் எடுக்கும்: அகலம் 273 மி.மீ., உயரம் 183 மி.மீ. இந்த அகலத்தில் பின்பக்கம் 129.5, முதுகு (அலமாரியில் தெரியும் ஒடுங்கிய பக்கம்) 14, முன்பக்கம் 129.5. விரித்து வைத்துப் பார்க்கும்போது பின்பக்கம் இடப்புறமும் முன்பக்கம் வலப்புறமும் வரவேண்டும். முதல் தடவை செய்பவர்கள் மாற்றி வைப்பது இதைத்தான். பிஎஸ்1 டிஸ்க் சாதாரண சிடி பெட்டியில் இருந்தால் முன்தாள் 120 × 120, பின்தாள் 151 × 118. பின்தாளின் இரு ஓரத்திலும் 6.5 மி.மீ. மடிந்து முதுகாகும். ஐரோப்பியப் பதிப்பு பிஎஸ்1 பெட்டிகள் இதைவிடத் தடித்தவை, இந்த எண்கள் அவற்றுக்குச் சரிவராது. எந்தப் பெட்டியானாலும் பழைய அட்டை இருந்தால் அதை வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெறுந்தாள் ஒன்றை வெட்டிச் செருகிப் பார்த்து, அது சரியாக உட்கார்ந்த பிறகு அந்தத் தாளை அளவெடுங்கள்.

கோப்பை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறக்கவும். டிவிடி அட்டைக்கு 3224 × 2161 பிக்சல் வரும். ஆனால் படத்தை அந்த அளவோடு நிறுத்தினால், வெட்டும்போது கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக ஓட விடுங்கள்: 279 × 189 மி.மீ., அதாவது 3295 × 2232 பிக்சல். ஏ4 தாள் 297 × 210 என்பதால் இது தாராளமாக அடங்கும். எழுத்துகளையோ முகங்களையோ வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே வையுங்கள். வெளியே மிஞ்சும் வெள்ளையில் சரியாக 100 மி.மீ. நீளமான ஒரு கோடு போட்டு விடுங்கள். இந்தக் கோடுதான் உங்கள் சாட்சி. கடையில் அச்சு வந்தவுடன் அடிமட்டம் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

பழைய அட்டையை ஸ்கான் பண்ணுவதென்றால் 600 டிபிஐ. அச்சுப் புள்ளிகள் படத்தில் அலையலையாகத் தெரியும். லேசாக மங்கலாக்கி, பிறகு 300க்கு இறக்கினால் அலை போய்விடும். கிம்ப் மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு முழுக்கப் போதும். திரையில் நன்றாகத் தெரியும் இருண்ட படம் தாளில் ஒரே கறுப்பாக வரும், ஆகையால் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுங்கள்.

முதுகில் தமிழில் பெயர் போடலாம், போடவும் வேண்டும். அலமாரியில் அடுக்கும்போது அந்த அழகே தனி. ஆனால் இங்கேதான் அதிகம் கெடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வேர்ட் கோப்பாகக் கொண்டுபோனால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோட்டில் அடித்தாலும் பழைய போட்டோஷொப்பில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, எழுத்தைப் பாதையாக (‘பாத்’) மாற்றி, பிடிஎஃப் ஆக எடுங்கள். அதன்பின் அது எழுத்தல்ல, வெறும் வடிவம்; எந்தக் கணினியிலும் குலையாது. உள்பக்கம் படும் வெறும் முகத்தில் ‘மறுபதிப்பு’ என்று ஆண்டோடு எழுதி விடுங்கள். பெட்டி கைமாறி விலைபேசப்படும் நாளில், அசலென்று நம்பி யாரும் காசு கொடுக்கக் கூடாது.

இனிக் கடை. மத்திய வீதியிலோ என்.சி. வீதியிலோ கலர் லேசர் இருக்கும் போட்டோ கொப்பிக் கடையாகப் பாருங்கள். கோப்பை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிச் சிறிதாக்கிவிடும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அல்லது பென் ட்ரைவில் கொடுங்கள். ஜேபெக் படத்தைக் கடைக்காரர் விண்டோஸில் வலது கிளிக் செய்து நேரே அச்சடித்தால் ‘ஃபிட் பிக்சர் டு ஃபிரேம்’ என்ற பெட்டியில் ஏற்கெனவே சரி போட்டிருக்கும். படம் தாளை நிரப்புவதற்காக இழுபட்டு ஓரம் வெட்டுப்படும். பிடிஎஃப் என்றாலும் ‘ஃபிட்’ தெரிவாகியிருந்தால் படம் தாளுக்கேற்ப அளவு மாறிவிடும். “அண்ணா, ஆக்சுவல் சைஸில போடுங்கோ, முதல்ல ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி தாங்கோ” என்று சொல்லுங்கள். 100 மி.மீ. கோடு 97 காட்டினால் முதுகு 13.6 ஆகியிருக்கும், மொத்த அகலத்தில் 8 மி.மீ. போயிருக்கும். அந்த அட்டை பெட்டியில் ஆடும். மலிவான பிரதியில் பிழையைப் பிடித்துவிட்டு, பிறகு கலருக்குப் போங்கள்.

தாள் 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் எடை). சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் உள்ளே போனதும் நெளியும், பின்னால் கறுப்புப் பெட்டி இருப்பதால் நிறமும் மங்கும். 200க்கு மேல் போனால் முதுகில் மடியாமல் பெட்டியைத் திறக்கத் தள்ளிக்கொண்டே நிற்கும். லேசருக்கு ஆர்ட் பேப்பர் சரி. இன்க்ஜெட்டுக்கு அதே ஆர்ட் பேப்பரைப் போட்டால் மை உறிஞ்சாமல் மேலேயே நின்று விரலில் ஒட்டும். அதற்கென்று பூச்சுப் பூசிய தாள்தான் வேண்டும். மறுதலையாக, இன்க்ஜெட் போட்டோ தாளை லேசர் இயந்திரத்துக்குள் ஒருபோதும் விடக்கூடாது: சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும், நட்டம் கடைக்காரருக்கு.

வெட்டுவதற்கு இரும்பு அடிமட்டமும் புது அலகு போட்ட கட்டரும். ஒரே இழுவையில் அழுத்தி வெட்ட வேண்டாம், லேசாக மூன்று தடவை இழுங்கள். முதுகுக் கோடு இரண்டையும், நாலு மூலையை வெட்டுவதற்கு முன்னமே, மை முடிந்த பேனையால் கோடிட்டுக்கொள்ளுங்கள். அச்சு முகத்தின் மேல் மெல்லிய தாளொன்றை வைத்துக் கோடிட்டால் டோனர் (லேசர் அச்சின் மைத்தூள்) சுரண்டப்படாது. கோடிடாமல் நேரே மடித்தால் டோனர் வெடித்து முதுகின் ஓரத்தில் வெள்ளை முறிவு தெரியும். கறுப்பு அட்டையில் இது மிகவும் கண்ணைக் குத்தும்.

டிவிடி பெட்டிக்குள் கசெட் வைப்பதற்குப் பெட்டியைத் திருத்த வேண்டும். பெட்டி 14 மி.மீ. தடிப்பு, கேம்போய் கசெட் ஏறத்தாழ 57 × 65 × 8 மி.மீ. என்பதால் உள்ளே அடங்கும். நடுவில் டிஸ்கைப் பிடிக்கும் பல்லை வெட்டுக் குறட்டால் துண்டு துண்டாக நறுக்குங்கள். அடிவரை ஒட்ட வெட்டப் போனால் பின்சுவர் ஓட்டையாகி, அட்டை வெளியில் குழிந்து தெரியும், 1 மி.மீ. மிச்சம் விட்டு சாண்ட் பேப்பரால் தேயுங்கள். பிறகு ஈவிஏ ஃபோம் சீற் (றப்பர் போன்ற மெத்தைத் தகடு), 5 மி.மீ. ஒன்றும் 3 மி.மீ. ஒன்றும்; ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கசெட்டின் 8 மி.மீ. தடிப்பு வரும். இரண்டையும் பெட்டியின் உட்சுவரோடு சுவர் முட்ட வெட்டுங்கள். கசெட்டுக்கான ஜன்னலை 56 × 64 ஆக, பக்கத்துக்கு அரை மில்லிமீற்றர் சிறிதாக வெட்டினால் கசெட் இறுகி நிற்கும். கசெட்டைத் தூக்க ஒரு ஓரத்தில் விரல் நுழையும் அரைவட்டம் விடுங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கசெட் வசதியாக அடங்கும்.

ஃபோமை ஒட்டத் தேவையில்லை. பெட்டி பொலிப்புரொப்பிலீன், சுப்பர் குளூ அதில் பிடிக்காது, டபுள் டேப்பும் சில மாதத்தில் கழன்றுவிடும். சுவர் முட்ட வெட்டிய ஃபோம் உராய்விலேயே நிற்கும். ரெஜிபோம் வேண்டாம், உதிரும் துகள் கசெட் வாய்க்குள் போகும். மெதுவான பிவிசி சீற்றும் வேண்டாம். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் கசெட்டின் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டிக்கொள்ளும்.

60 முனை ரிவி கேம் கசெட் சுமார் 17 மி.மீ. தடிப்பு. அதைச் சாதாரணப் பெட்டியில் அமுக்கினால் பூட்டு உடைவதுதான் மிச்சம். பல டிஸ்க் வைக்கும் 22 மி.மீ. பெட்டியை எடுத்து, நடுத்தட்டைக் கழற்றிவிட்டுப் பாவியுங்கள். அப்போது அட்டை அகலம் 281 ஆகும். கூடுதல் ஓரத்தோடு 287, ஏ4இல் பக்கத்துக்கு 5 மி.மீ.தான் மிஞ்சும். மட்டுமட்டாக அச்சாகும். 27 மி.மீ. பெட்டியென்றால் ஏ3க்குப் போங்கள்.

சிடி பெட்டி வேறு பிளாஸ்டிக், பொலிஸ்டைரீன். விழுந்தால் கீல்கை முறியும். அதை சுப்பர் குளூவால் ஒட்டினால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்து, அடுத்த தடவை திறக்கையில் மறுபடி முறியும். வேறொரு பழைய பெட்டியின் மூடியை மாற்றிப் போடுவதே சரி.

ஊரின் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடை மழைக் காலத்தில், முக்கியமாக உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடலோர வீடுகளில், இன்க்ஜெட் அட்டையை அச்சடித்த கையோடு செருகினால் உறைக்குள் ஈரம் அடைபட்டு, மை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒரு முழு நாள் விசிறிக் காற்றில் விரித்துக் காயவிடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காய்வது சுலபம், ஆனால் ஜன்னல் வெயில் படும் அலமாரியில் அந்த நிறங்களுக்கெல்லாம் ஆயுள் குறைவு; உள்சுவரோரம் அடுக்குங்கள். கசெட் பெட்டிக்குள் சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். மூடும் முன் கசெட்டின் உலோக முனைகளை ஐசோபுரோப்பில் அற்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகே ஃபோம் ஜன்னலில் இருத்துங்கள்.