'ஃபயர்பேர்ட்' இசையை முதன்முறை கேட்பது எப்படி?

தியாகிலெவின் 'பாலே ரூஸ்' நடனக் குழு 1910 ஜூன் 25 அன்று பாரிஸ் ஓபராவில் அரங்கேற்றிய பாலே இது. இசையமைத்த இகோர் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு அப்போது வயது 28. ஆர்கெஸ்ட்ரா இசைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

படி 1: எந்த வடிவம்?

பலரும் தடுமாறுவது இங்கேதான். தேடினால் ஒரே பெயரில் 20 நிமிடம், 30 நிமிடம், 45 நிமிடம் என்று வந்து நிற்கும். 1910இல் எழுதியது முழு பாலே, சுமார் 45 நிமிடம். அதிலிருந்து ஸ்ட்ராவின்ஸ்கியே 1911, 1919, 1945 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் செய்தார். 'சூட்' என்று போட்டிருந்தால் அது தொகுப்பு. முழு பாலேவுக்கு மூன்று ஹார்ப் (யாழ் போன்ற பெரிய தந்திக் கருவி) வேண்டும், 1919 தொகுப்புக்கு ஒன்று போதும், ஊதுகருவிகளும் குறைவு. அதனால் கச்சேரிகளில் அதிகம் வாசிக்கப்படுவது இதுதான்.

முதலில் 1919ஐக் கேளுங்கள். பிடித்துப்போனால் முழு பாலே. அதற்கு நடத்துநர் அந்தால் டொராட்டி லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் 1959இல் செய்த பதிவைத்தான் நான் சொல்வேன்.

படி 2: ஹெட்போன்

போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். தொடக்கத்தில் செல்லோவும் டபுள் பாஸும் அடித்தொண்டையில் முணுமுணுக்கும். அது ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. விலை குறைந்த வயர் ஹெட்போன் போதும். சத்தத்தை மட்டும் அளவாக வையுங்கள். பின்னால் வரும் 'இன்ஃபெர்னல் டான்ஸ்' (நரக நடனம்) என்ற பகுதி ஒரே அடியில் வெடித்துத் தொடங்கும்.

படி 3: கதையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மந்திரவாதி கஷ்செய்யின் தோட்டத்தில் இளவரசன் இவான் தீப்பறவையை, அதாவது ஃபயர்பேர்டைப் பிடிக்கிறான். விடுவித்ததற்கு அது ஓர் இறகைத் தருகிறது. கஷ்செய்யின் உயிர் ஒரு முட்டைக்குள் இருக்கிறது. அது உடைந்ததும் அவன் ஆட்டம் முடிகிறது.

இனி காதைத் தீட்டுங்கள். இவானும் இளவரசிகளும் வரும்போது ரஷ்ய நாட்டுப்பாடல் போன்ற நேரான மெட்டு. பறவையும் கஷ்செய்யும் வந்தால் ஸ்வரங்கள் அரை அரையாய் நழுவி நெளியும். இது பிடிபட்டுவிட்டால் மேடையில் யார் நிற்கிறார்கள் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

படி 4: முடிவில் எண்ணுங்கள்

முடிவுக்கு முன் வரும் தாலாட்டுப் பகுதி அடங்கியதும் ஒற்றை ஹார்ன் ஒரு மெட்டை எடுக்கும். மூன்று மூன்றாக எண்ணுங்கள். மெட்டு வளர்ந்து முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த பிறகு எண்ணிக்கை ஏழாக மாறும். மிஸ்ரம் பழகியவர்களுக்குக் கை தானாகத் தாளம் போடும். அதே மெட்டு இந்தக் கணக்கில் துள்ளிப் பாய்வது எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.

பிற்சேர்க்கை: "என் பதிவில் தாலாட்டே இல்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அது 1911 தொகுப்பு. 'இன்ஃபெர்னல் டான்ஸோடு' நின்றுவிடும். இன்னொருவருக்கு முடிவில் பித்தளைக் கருவிகள் வெட்டி வெட்டிக் கேட்டதாம். கோப்பில் பழுதில்லை. 1945இல் ஸ்ட்ராவின்ஸ்கி அந்த இடத்தை அப்படித்தான் மாற்றி எழுதினார். நீண்டு ஒலிக்கும் பழைய முடிவு வேண்டுமென்றால் 1919க்கே திரும்பிவிடுங்கள்.