பெட்டூனியா மொட்டுகளைத் துளைத்த புழு

இலைகள் செழிப்பாக இருந்தும் என் பெட்டூனியாத் தொட்டிகளில் பத்து நாட்களாக ஒரு பூகூட விரியாததால், சத்துக் குறைவு என்று எண்ணி உரமிட்டேன். அது தவறான முடிவு. ஒரு மொட்டைக் கிள்ளி உற்றுப் பார்த்தபோதுதான், அதன் அடியில் குண்டூசித் தலையளவு துளையும், அருகிலிருந்த இலையில் மிளகுத் தூள் சிந்தியதுபோல் கறுப்பு எச்சமும் தெரிந்தன. பிளந்தால், உள்ளே ஒரு பச்சைப் புழு சுருண்டு கிடந்தது.

பகலில் ஒளிந்திருக்கும் இப்புழுக்கள் அந்தி சாய்ந்தபின் வெளிவந்து மேய்வதால், டார்ச் விளக்குடன் நான்கு இரவுகள் தேடிப் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டேன். துளை விழுந்த மொட்டுகளையும் கிள்ளி அகற்றினேன். பிறகு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா மருந்தை, வெயில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால் மாலையில் தெளித்தேன். தின்றால்தான் புழு மடியும். மொட்டுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவுக்கு மருந்து எட்டாது. ஆகவே ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளித்தேன்.

ஈர இதழ்களில் சாம்பல் பூஞ்சணம் எளிதில் பற்றுமென்பதால், பூவின்மேல் நீரூற்றும் வழக்கத்தையும் விட்டு, வேரடியில் மட்டும் ஊற்றலானேன். மூன்றாம் வாரத்தில் ஊதா மொட்டுகள் ஓட்டையின்றி முழுதாக விரிந்தன.