கிளாட் தேர்வுக்கு ஐந்து பாடங்களையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 2023 டிசம்பரில். அப்போது கும்பகோணத்தில் பிளஸ் டூ, வணிகவியல் குரூப். வக்கீலாகிவிட வேண்டும் என்ற ஆசையில் தண்டனைச் சட்டப் பிரிவுகளை மாதக்கணக்கில் உருப்போட்டேன். கணக்கை, பத்து சதவீதம்தானே என்று ஒதுக்கிவிட்டேன். வினாத்தாளில் நான் உருப்போட்ட ஒரு பிரிவுகூட உதவவில்லை.

120 கேள்விகள், 120 நிமிடங்கள். சட்டமும் நடப்பு நிகழ்வும் தலா 28 முதல் 32 கேள்விகள் வரை, ஆங்கிலமும் தர்க்கமும் தலா 22 முதல் 26 வரை, கணக்கு 10 முதல் 14 வரை. ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் போகும். இதே விகிதத்தில் படிப்பு நேரத்தைப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு விதமாக நேரம் வேண்டும்.

நடப்பு நிகழ்வைச் சேர்த்துவைத்துப் படிக்க முடியாது. தினமும் காலை நாற்பது நிமிடம் நாளிதழ். என்ன நடந்தது, அதன் பின்னால் எந்தச் சட்டம், எந்த அமைப்பு என்று ஒரு செய்திக்கு இரண்டு வரி எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது என்றால், அது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது என்பதும் அந்த இரண்டு வரிக்குள் இருக்க வேண்டும்.

கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். விகிதம், சதவீதம், சராசரி, வரைபடம். ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் போதும், ஆனால் கடைசி வாரம் வரை விடக்கூடாது.

சட்டப் பகுதியில்தான் நாம் ஏமாறுகிறோம். விதியைக் கேள்விக்கு முன் தரும் பத்தியிலேயே தந்துவிடுவார்கள். அனுமதியில்லாமல் பிறர் நிலத்தில் நுழைவது அத்துமீறல், தெரியாமல் நுழைந்தாலும் தப்ப முடியாது என்று இருக்கும். தன் தோப்பு என்று நினைத்துப் பக்கத்துத் தோப்பில் நுழைந்தவர் பொறுப்பாவாரா? பாவம் என்று மனசு சொல்லும்; விடை, பொறுப்பாவார். தினம் இரண்டு பத்தி எடுத்து, விதியை மட்டும் அடிக்கோடிட்டுப் பழகுங்கள். சம மதிப்பெண் வந்தால் சட்டப் பகுதியில் அதிகம் எடுத்தவருக்குத்தான் முன்னிடம்.

ஆங்கிலத்துக்கும் தர்க்கத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: வேகமாகப் படித்துப் புரிந்துகொள்வது. என்னைப் போல ஸ்டேட் போர்டில் படித்தவர்களுக்கு உண்மையான கஷ்டம் இங்கேதான். ஒரு தலையங்கத்தை மூன்று நிமிடத்தில் படித்து, எழுதியவர் என்ன வாதிடுகிறார் என்பதைத் தமிழில் அம்மாவிடம் சொல்வேன். அம்மா குறுக்குக் கேள்வி கேட்டு நான் திணறினால், மறுபடி படிப்பேன். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

ஞாயிறு மதியம் 2 முதல் 4 வரை மாதிரித் தேர்வு. உண்மைத் தேர்வும் அந்த நேரத்தில்தான். மதிப்பெண்ணை விடத் தப்புகள் முக்கியம். தெரியாதது, தவறாகப் படித்தது, நேரமில்லாமல் குத்துமதிப்பாகப் போட்டது என மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். எந்தப் பாடத்தில் இரண்டாவது வகை அதிகமோ, அடுத்த வாரம் அதற்கு அரை மணி கூட்டுங்கள். நன்றாக வரும் பாடத்திலிருந்து அந்த அரை மணியை எடுங்கள். பிடித்த பாடத்திலிருந்து எடுக்க மனசு வராது. எடுத்தே ஆக வேண்டும்.

தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறை ஒட்டி வரும். பள்ளி அரையாண்டுத் தேர்வும் அதே மாதம். கணக்குப்பதிவியல் போன்ற பெரிய பாடங்களை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். தேர்வறையில் நான் முதலில் நடப்பு நிகழ்வை 15 நிமிடத்தில் முடித்தேன். பிறகு சட்டம் 35, ஆங்கிலம் 25, தர்க்கம் 28, கணக்கு 15. மீதி இரண்டு நிமிடம், ஓஎம்ஆர் விடைத்தாளைச் சரிபார்க்க.