எக்ஸ்லுக்அப் தெரியாத கணினி

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தில், அக்கா எடுக்கும் கொழுந்தின் கிலோக் கணக்கை லிப்ரேஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் எழுதி வைக்கிறேன். சம்பளத் துண்டோடு ஒப்பிட வேண்டுமே. திகதியைக் கொடுத்தால் கிலோ வரட்டும் என்று, கையேட்டில் உள்ளபடியே எக்ஸ்லுக்அப் (XLOOKUP) என்ற தேடல் சூத்திரத்தைப் போட்டேன். கட்டத்தில் ‘#நேம்?’ என்று வந்து நின்றது.

கால்புள்ளியை அரைப்புள்ளியாக்கினேன், அடைப்புக்குறிகளை எண்ணினேன். ஓர் இரவு போனது. மழைக்கு மின்சாரமும் இரண்டு தடவை போய்வந்தது. கடைசியில் உதவிப் பட்டியலில் ‘லிப்ரேஆபிஸ் பற்றி’ என்பதைத் திறந்தேன். பதிப்பு 7.3. உபுண்டு 22.04 இயங்குதளத்துடன் வந்தது அப்படியே கிடந்திருக்கிறது. நான் வாசித்ததோ புதிய கையேடு. எக்ஸ்லுக்அப் சேர்ந்ததே 24.8 பதிப்பில், அதாவது 2024 ஆகஸ்டில். அந்தப் பெயரையே அறியாத மென்பொருள் ‘நேம்?’ என்று நேர்மையாகத்தான் கேட்டிருக்கிறது!

தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான். பஸ் ஏறி, ஹட்டனில் புதிய பதிப்பைப் பென் டிரைவில் இறக்கி வந்து, பழையதை நீக்கிவிட்டு நிறுவினேன். அதே சூத்திரம், ஓர் எழுத்தும் மாறாமல், 14ஆம் திகதிக்கு 19 கிலோ என்று காட்டியது. அதுவரை இன்டெக்ஸ், மேட்ச் என்ற இரண்டு பழைய சூத்திரங்களைச் சேர்த்துச் சமாளித்தேன். பழைய பதிப்புக்கு அதுவே போதும்.